வெந்நீர்க் குழாயடியில் கூட்டம்

நவம்பர் 6
தாய் மீன் தொட்டியில் இன்றைக்கும் இரண்டு மீன்களுக்கு உடம்பில் புண். ஜிலேபி மீன் எதையும் தாங்கும் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். இப்போது அண்ணன் பண்ணையில் மீன் டாக்டராக உட்கார்ந்துகொண்டு, அந்த மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று இருக்கிறது. குஞ்சு விற்றுத்தான் பிழைப்பு. தாய் மீன் போனால் குஞ்சுக்கு எங்கே போவது?

நவம்பர் 8
ஆய்வுக்கூட முடிவு வந்தது. பாக்டீரியாதான். கைவசம் இருக்கிற எந்த மருந்துக்கும் மசியாத ரகம். இனி மீன்களின் உடம்பே போராடி ஜெயித்தால்தான் உண்டு. அண்ணன் தொட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்போம். தேறலன்னா எல்லாத்தையும் அள்ளிப் பொதைச்சிடலாம். மத்த தொட்டிக்குப் பரவுனா நாம தெருவுலதான் நிக்கணும்."
நியாயம்தான். அதனால்தான் இன்னும் கோபம் வருகிறது.

நவம்பர் 9
குளிருக்காகத் தொட்டியின் ஒரு மூலையில் வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்திருக்கிறோம். ஒரு கும்பல் அங்கேயே போய் முண்டியடிக்கிறது. நெருக்கியடித்தால் நோய் பரவுமே! மூலையை மறித்து வலை கட்டிவிட்டேன். டாக்டர் வேலை பார்த்த திருப்தி.

நவம்பர் 11
நாசமாப் போச்சு. மூன்று செத்துவிட்டன. அண்ணி வந்து எட்டிப் பார்த்தாள்: "என்னடி இது, கதவைத் தட்டுற மாதிரி வலையை முட்டிக்கிட்டு நிக்குதுங்க?"
அப்போதுதான் உற்றுப் பார்த்தேன். முட்டுகிறவை அத்தனைக்கும் புண். நல்லவை குளிர்ந்த பக்கம் ஜாலியாகச் சுற்றுகின்றன.
ஐயோ, மரமண்டை! கிருமி புகுந்தால் நம் உடம்பு தானே கொதிக்கும். மீனுக்கு அந்த வசதி ஏது? தண்ணீர் எவ்வளவு சூடோ அதன் உடம்பும் அவ்வளவுதான். காய்ச்சல் வேண்டுமென்றால் சூடான இடத்துக்குப் போய்த்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். சூடேறினால்தான் கிருமியோடு மல்லுக்கட்டும் அணுக்கள் சுறுசுறுப்பாகும். படித்திருக்கிறேனே — படித்துவிட்டுத்தான் வலை கட்டினேனா? வைத்தியத்துக்கு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டேன்.
வலையை அறுத்தெறிந்தேன். அண்ணி குழாயை இன்னும் கொஞ்சம் திருகிவிட்டாள்.

நவம்பர் 14, ஞாயிறு
அண்ணன் மண்வெட்டியோடு வந்தான். நேற்றும் இன்றும் சாவு இல்லை என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னேன்.
"அப்போ மீனுக்குக் காய்ச்சல் அடிச்சா நல்லதுங்கற?"
"ஆமாண்ணா."
"சரி, அடிச்சுத் தொலையட்டும். இன்னும் ஒரு வாரம்."

நவம்பர் 20
புண்களின் ஓரம் மூடுகிறது! நான் எதுவுமே கொடுக்கவில்லை.

நவம்பர் 27
வெந்நீர் மூலை காலி. யாரும் விரட்டவில்லை, வேலை முடிந்ததும் அவர்களாகவே கிளம்பிவிட்டார்கள். அண்ணன் மண்வெட்டியைக் கொண்டுபோய்க் கொட்டகையில் போட்டான்.

டிசம்பர் 19
பெரிய தாய் மீன் இரண்டு நாளாகத் தீனியைத் தொடவில்லை. மறுபடியுமா? அண்ணனை இழுத்துக்கொண்டு ஓடினேன். அவன் தண்ணீருக்குள்ளேயே அதன் வாயை லேசாக விலக்கிக் காட்டினான். உள்ளே மஞ்சள் மஞ்சளாக முட்டைகள். ஜிலேபி மீன் வாயில்தான் அடைகாக்கும்; இதையும் பரீட்சையில் எழுதியவள்தான் நான்.
"வாய் நெறைய புள்ளைங்கள வச்சிக்கிட்டு எப்படி டாக்டரம்மா சாப்பிடும்?"
தழும்பேறிய அந்த உடம்பைத் தடவிக்கொண்டு அழுதுவிட்டேன். அது என் கையிலிருந்து நழுவிப் போயிற்று, வாயை இறுக மூடிக்கொண்டு.