மூன்றாவது பெயர்

9 ஜூன் 1997, திங்கள்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வதிவிட அனுமதி முடிய இன்னும் இருபத்தொரு நாள். இவர் பட்டியல் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டார்:

கடவுச்சீட்டு இரண்டு, நகலுடன்.
தொழிற்சாலைக் கடிதம் (ஹெப்பகோடியில் மேலாளரிடம் கேட்க).
வாடகை ஒப்பந்தம், ஸ்டெல்லா அக்கா கையெழுத்துடன்.
புகைப்படம், ஆளுக்கு நான்கு.

கொழும்பிலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வந்த பிறகு இது மூன்றாவது ஜூன். பழகிவிட்ட வேலைதான்.

பி.ப. 4: விவேக் நகரில் படம் எடுத்தோம். ஸ்டூடியோக்காரர், "கொஞ்சம் சிரிங்க மேடம்" என்றார். என்னைப் பார்த்துவிட்டு, "வேணாம், இப்பிடியே இருக்கட்டும்."

11 ஜூன், புதன்

வெளிநாட்டவர் பதிவு அலுவலகம். மு.ப. 10 முதல் பெஞ்சில். பக்கத்தில் ஈரான் மாணவர்கள் இருவர், கம்பளி பின்னிக்கொண்டே ஒரு வெள்ளைக்காரக் கிழவி. எங்கள் முறை வந்தபோது 12.

எழுத்தர் எங்கள் வதிவிடப் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். படங்களை எண்ணினார். மறுபடி புத்தகம்.

"மூரு ஜனா இத்தாரே. மூணு பேரு எழுதியிருக்கு. ரெண்டு பேர் போட்டோதான் இருக்கு. மகு எல்லி? கொழந்தை எங்கம்மா?"

இவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சொன்னேன்.

"பிள்ளை தவறிட்டுது, ஐயா. மார்ச்சிலை."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார். பிறகு மெதுவாக: "டெத் சர்டிபிகேட் வேணும்மா. அது இல்லாம மூணாவது எடத்தை அடிக்க முடியாது. அடிக்காம புதுப்பிக்கவும் முடியாது. ரூல்ஸ். நான் என்ன பண்ணட்டும்?"

மார்ச் 3 பிறந்தாள். எட்டாம் நாளே இவர் போய்ப் புத்தகத்தில் பதிந்துவிட்டு வந்தார். 'பெண் குழந்தை.' பெயருக்கு இடம் காலி. என்ன அவசரம் என்று சண்டை பிடித்தேன். "என்ரை பிள்ளை ஒரு நாளும் பதிவில்லாமல் இருக்கக்கூடாது" என்றார். முப்பத்தோராம் நாள் பெயர் வைப்பதாக இருந்தோம். இருபத்தாறாம் நாள் போய்விட்டாள். இருதயம்.

சான்றிதழ் எடுக்க நாங்கள் போகவே இல்லை. போவோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவும் இல்லை.

12 ஜூன், வியாழன்

தண்ணீர் வரவில்லை. கீழே பிடிக்கப் போனால் வீட்டுக்கார ஸ்டெல்லா அக்கா.

"ஏம்மா யோகம், கண்ணு வீங்கிக் கெடக்குது. போன காரியம் ஆவலையா?"

சொன்னேன். வாளியை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். "மாதாவே... கார்ப்பரேஷன் ஆபீஸ்ல எங்க கோயில் ஆளு ஒருத்தரு இருக்காரு, செல்வராஜ்னு. நானும் கூட வரேன். நீங்க ரெண்டு பேரும் தனியா போவாதீங்க."

கத்தரிக்காய்க் குழம்பும் தந்தார். உப்புத்தான் கொஞ்சம் கூடுதல்.

16 ஜூன், திங்கள்

செல்வராஜ் நல்ல மனிதர். ஆஸ்பத்திரித் துண்டு கேட்டார், கொடுத்தோம். இடுகாட்டுச் சீட்டு கேட்டார். அது இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். இவர் பணப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். நாலாக மடித்தது. மடிப்பு கிழிந்து, டேப் ஒட்டியிருந்தது.

மூன்று மாதமாக அது அவருடனேயே இருந்திருக்கிறது. தொட்டில், போத்தல், சட்டை எல்லாவற்றையும் மறுநாளே யாருக்கோ கொடுத்த மனிதர். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இன்று அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"கொழந்தை பேரு?"

"வைக்கேல்லை."

"பரவாயில்லம்மா. பெண் குழந்தைன்னே போட்டு ரெண்டு நாள்ல குடுத்துடலாம். பேரு வேணும்னா மொதல்ல பொறந்த சர்டிபிகேட்ல ஏத்தணும். அஃபிடவிட் அது இதுன்னு பத்து நாளு ஆவும்."

இவர்: "அப்பிடியே போடுங்கோ."

நான்: "இல்லை. பேரோடை வேணும்."

வெளியே வந்ததும் இவர் குரல் உயர்ந்தது. "முப்பதாம் திகதிக்குப் பிந்தினா திருப்பி அனுப்பிப்போடுவாங்கள். விளங்குதா உமக்கு? கொழும்பிலை எங்கை போறது?"

"அனுப்பட்டும். பேரில்லாமல் அவவைப் புத்தகத்திலை வெட்ட விடமாட்டன்."

ஸ்டெல்லா அக்கா பூக்கடையைப் பார்ப்பதுபோல் தள்ளி நின்றார். பஸ்ஸில் ஆளுக்கொரு பக்கம்.

17 ஜூன், செவ்வாய்

காலையில் சாப்பாட்டுப் பெட்டியை எடுக்காமலே ஹெப்பகோடிக்குப் போய்விட்டார்.

மாலை பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக் கழற்றாமல் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"ஆரணி."

யாரையோ சொல்கிறார் என்று நினைத்தேன்.

"அப்பிடித்தான் நினைச்சு வைச்சிருந்தனான். முப்பத்தோராம் நாள் உமக்குச் சொல்லுவம் எண்டு. பிறகு ஆருக்குச் சொல்லுறது?"

அழுதார். அன்றுகூட அழாதவர். பீன்ஸ் முழுவதும் மடியிலிருந்து கொட்டிவிட்டது.

பிறகு கேட்டார்: "நீர் என்ன பேர் நினைச்சனீர்?"

"நான் ஒண்டும் நினைக்கேல்லை."

பொய். எனக்கும் ஒன்று இருந்தது. இங்கேயும் எழுத மாட்டேன். ஒரு பிள்ளைக்கு ஒரு பெயர் போதும்.

18 ஜூன், புதன்

நோட்டரி. அஃபிடவிட்டில் இருவரும் கையெழுத்து. செல்வராஜ்: "இருவத்தேழுக்குள்ள பாக்குறேன். சத்தியம் பண்ண மாட்டேன்."

24 ஜூன், செவ்வாய்

கிடைக்கவில்லை. அதிகாரி லீவாம். நல்ல மழை. இவருக்கு இந்த மாதம் நாலாவது அரைநாள் லீவு, மேலாளர் முகம் சரியில்லையாம். என்னை ஒரு சொல் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

பெட்டிகளை இறக்கித் தூசி தட்டினேன். எதற்கும் இருக்கட்டும்.

27 ஜூன், வெள்ளி

கிடைத்துவிட்டது. இரண்டு தாளும் ஒரே உறையில். பிறப்பு, இறப்பு. ஒரே கையெழுத்து, ஒரே மை. கன்னடம் எங்களுக்கு வராது. ஸ்டெல்லா அக்கா விரல் வைத்து வாசித்தார்: "ஆ... ர... ணி. கரெக்டா எழுதியிருக்காரு."

முதலில் வாசித்தது எது என்று கேட்டேன். பிறப்பு என்றார். அதை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொன்னேன்.

30 ஜூன், திங்கள்

கடைசி நாள். மு.ப. 9.30க்கே போய்விட்டோம். அதே எழுத்தர். எழுந்து எனக்கு நாற்காலி போட்டார்.

"புத்தகத்துல பேரு காலியா இருக்கே. மொதல்ல எழுதணும். அப்புறம்தான்..." முடிக்கவில்லை.

எழுதினார். நிதானமாக, மூன்றாவது வரியில். என் பெயருக்குக் கீழே.

"மை ஆறட்டும்மா" என்று புத்தகத்தைத் திறந்தபடியே விட்டு வேறு கோப்பைப் புரட்டினார். ஐந்து நிமிடம் இருக்கும். அவ்வளவு நேரம் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். நாங்கள் மூன்று பேராக இருந்தோம்.

பிறகு அடிக்கோல், சிவப்பு மை. ஒரே கோடு, மெல்லியது. கீழே பெயர் தெரிந்தது.

கோட்டுக்குப் பக்கத்தில் பெற்றோர் கையெழுத்து. இவர் பேனாவை வாங்கினார், வைத்துவிட்டார். நான் போட்டேன்.

முத்திரை. இங்கே இன்னும் ஒரு வருடம் இருக்கலாம்.

வாசலில் மழை. பஸ் நிறுத்தத்தில் நெருக்கிக்கொண்டு நின்றோம். இவர் சொன்னார்:

"தொழிற்சாலையிலை புதுசா வாற ஆக்கள் கேப்பினம், எத்தினை பிள்ளையள் எண்டு. இல்லை எண்டுதான் சொல்லிறனான்."

"இனிக் கேட்டா ஒண்டு எண்டு சொல்லுங்கோ."

"பிறகு எங்கை எண்டு கேப்பினமே."

"கேக்கட்டும். பேரைச் சொல்லுங்கோ."

பஸ் வந்தது. ஒரு சீட்தான். என்னை உட்காரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.