டீ வடிகட்டியும் புதுக் குளவியும்

அக்டோபர் 7, செவ்வாய்
மும்பை செம்பூரில் காலையிலேயே மண்டையைப் பிளக்கிற வெயில். மொட்டை மாடியில் மஞ்சள் தட்டுகள். தண்ணீர், இரண்டு சொட்டுப் பாத்திர சோப்பு. பூச்சி பூவென்று நினைத்து இறங்கும், முழுகும். ஏற்பாடு அக்கா மகள் கல்யாணி, காலேஜில் பூச்சி ஆராய்ச்சி. நிர்வாகம் நான்.

போன மாதம் இங்கே ஒரு குளவி சிக்கியது. கடுகில் பாதி இல்லை. உலகத்தில் யாரும் பார்க்காத பேரினமாம். (முதலில் பார்த்தது என் கண்.) இருப்பது ஒரே பெட்டை. ஆணும் கிடைத்தால்தான் முழுசாக விவரித்து எழுத முடியுமாம். என் பெயர் வைக்கச் சொல்லியிருக்கிறேன். தாராவி டீக்கடையில், வைத்தாயிற்று என்றே சொல்லிவிட்டேன். டிராம்பே அணு விஞ்ஞானிகளே வந்து கைகுலுக்கினார்கள் என்றும்.

அத்தானுக்கு வயிற்றெரிச்சல். "ஏ புள்ள, அந்தக் குளவி என்னதான் செய்யும்?"

"வேற பூச்சியோட முட்டைக்குள்ள முட்டை போடும்ப்பா. குஞ்சு உள்ளயே இருந்து தின்னு வளரும்."

"அப்ப ஒன் மாமா பேரையே வச்சிரு. பொருத்தமா இருக்கும்."

அவர் வீட்டில் நான் இருப்பதைக் குத்துகிறார். பாவி. நான் இல்லாவிட்டால் இந்த வீட்டுக்குக் காவல் யார்?

அக்டோபர் 8, புதன்
"மாமா, ஈயும் வண்டும்தான் இருக்கு. சின்னதெல்லாம் எங்க?"

"குப்பையக் கழிச்சு, நல்லதா எடுத்து வச்சிருக்கேம்மா."

"எதுல வடிகட்டினீங்க?"

"டீ வடிகட்டில."

தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "அரே மாமா! அந்தக் குப்பைதான் குளவி!"

ஒரு வாரக் குளவி சாக்கடையில். அத்தான் சிரித்த சிரிப்பு முலுண்ட் வரை கேட்டிருக்கும். "என்னவே பூச்சி டாக்டரு, பால் ஊத்தினீரா?"

வடிகட்டி வாங்கியது யார்? அத்தான். ஓட்டை பெரிது. நான் என்ன செய்ய?

அக்டோபர் 9, வியாழன்
துணியில் வடிகட்டினேன். என் வேட்டி முரடு. அத்தானுடையது மெல்லிய மல் வேட்டி, கல்யாண வீட்டுக்குக் கட்டுவது. கிழித்து நாலாக மடித்தேன். இழை நெருக்கம், பிரமாதம்.

துணியில் தூசி மாதிரி ஏதோ. கல்யாணி எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு போனிலேயே கத்தினாள். "மாமா, ஆண்! மூணு!"

அத்தான் வேட்டியைத் தேடிக்கொண்டிருக்கிறார். தேடட்டும்.

அக்டோபர் 13, திங்கள்
பெயர் வைத்துவிட்டாள். குளவியின் உணர்கொம்பில் இருக்கும் நீள முடியைக் குறிக்கும் லத்தீனாம். என் பெயர் இல்லை.

"சொந்தக்காரங்க பேரு வச்சா சிரிப்பாங்க மாமா."

மத்தியானம் சாப்பிடவில்லை. ராத்திரி அக்கா வஞ்சிரம் பொரித்தாள், அது வேறு. தாராவியில் என் மீசையைத்தான் குறிக்கிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிறகு கல்யாணி சின்னப் பெட்டி ஒன்றைத் திறந்தாள். ஊசியில் குத்திய அட்டை நுனியில் ஒட்டின ஒரு ஆண் குளவி. அடியில் அரிசி நீளத்துக்குக் காகிதம். லென்ஸ் கொடுத்தாள். செம்பூர், தேதி. பிடித்தவர்: என் பெயர், இனிஷியலோடு.

"குளவி இருக்கிற வரைக்கும் இது அதோட இருக்கும் மாமா. யாரும் எடுக்கக் கூடாது."

நேராக அத்தான் மூக்குக்கு முன்னால் பெட்டியை நீட்டினேன். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார்.

"எழுத்தே தெரியலயே. அந்த லென்ஸக் குடும்வே."

கொடுக்கவில்லை.