அத்தான் ஊற்றிய எத்தனால்

ஆவணி, ஞாயிறு இரவு.

அக்கா புருஷனை இன்று வேம்பார் சாலையிலேயே வைத்துத் திட்டியிருக்க வேண்டும். மனசு ஆறவில்லை.

அவர் காருக்கு என் பட்டறையில், வேகம் கூட எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜர் மாட்டிக் கொடுத்தவன் நான்தான். இன்று எங்கிருந்தோ இரண்டு கேன் எத்தனால் வாங்கி டேங்கில் ஊற்றி, பத்து வயது மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கிறார். எத்தனால் என்றால் பெட்ரோலைவிட அதிகமாக உள்ளே போக வேண்டும், அதற்கு எரிபொருளைப் பீச்சும் இன்ஜெக்டர் பெரிதாக வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் வெந்துவிடும். அந்த அறிவெல்லாம் மகானுக்கு ஏது? உப்பு லாரியை முந்தும்போது எஞ்சின் நின்றுவிட்டது. எதிரே பஸ். லாரிக்காரர் பிரேக் அடித்து இடம் விட்டதால் பிழைத்தார்கள்.

நான் போய் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினேன். முனை உருகியிருந்தது.

"ஏல மாப்ள, நீ மாட்டுன சாமான் சரியில்லலே" என்றார், சட்டை மடிப்புக் கலையாமல் நின்றுகொண்டு.

"எத்தனால் ஊத்தச் சொன்னது யாரு அத்தான்?"

"நீதாம்ல. கல்யாண வீட்டுல, அத ஊத்துனா வண்டி பறக்கும்னு சொன்னேல்லா?"

"சொன்னியளா மாமா?" என்று பின்சீட்டிலிருந்து மகள் கேட்டாள்.

சொன்னேன். சுற்றி ஆள் இருந்ததால் பெருமைக்குச் சொன்னேன். இன்ஜெக்டரைப் பற்றிச் சொல்வதற்குள் பந்திக்குக் கூப்பிட்டார்கள், எழுந்து போய்விட்டேன்.

முட்டாள் அவர்தான். ஆனால் அந்தப் பிள்ளையிடம் ‘ஆமா’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வண்டியை இழுக்கக் கயிறு கட்டுவதுபோல் குனிந்துகொண்டேன்.