கம்பி இளக்காமல் புதைத்த கிற்றார்

மச்சான்,

இன்று காலை கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. இணையத்தில் எனக்குக் கிற்றாரின் கழுத்துக் கட்டையை விற்ற கடைக்காரர்தான். குறையை ஒப்புக்கொள்கிறார்களாம். வேறு கழுத்து அனுப்புவார்களாம். பழுதானதை வந்த பெட்டியிலேயே போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டுமாம். நீ போய் நான்கு மாதம் ஆகிறது, இப்போதுதான் அவர்களுக்குக் கண் தெரிந்திருக்கிறது. கட்டிலுக்கடியில் கிடந்த பெட்டியை இழுத்துத் திறந்தேன். வார்னிஷ் மணம் இன்னும் போகவில்லை.

உன்னிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அந்தக் கிற்றார் உன்னுடையது, ஆனால் எப்போதும் உரும்பிராயில் எங்கள் வீட்டில்தான் இருந்தது. உன் வாப்பாவின் கண்ணில் அது பட்டால் நீ தொலைந்தாய். கோயில் திருவிழாக்களில் நம் இசைக்குழு வாசித்து முடிந்ததும் அதை என் கையில் தந்துவிட்டுச் சைக்கிளில் டவுனிலிருந்த உன் வீட்டுக்குப் போவாய். போகும்போது ஒவ்வொரு முறையும் ஒரே பாட்டு. "கம்பியளை இளக்கிப் போட்டு வையடா. இறுக்கமாக் கிடந்தால் கழுத்து வளைஞ்சு போம்."

"ஓம் ஓம், நீர் பெரிய விஞ்ஞானி" என்பேன். பாதி நாள் இளக்கவும் மாட்டேன்.

தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களான உங்கள் சனத்தை யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்னபோது, உடுத்த உடுப்போடு கிளம்பத்தான் உனக்கு நேரம் இருந்தது. கிற்றார் என்னிடம் நின்றுவிட்டது. பிறகு கம்பி அறுந்தபோது புதுக் கம்பிக்கு எங்கே போவது? சைக்கிள் பிரேக் வயரைப் பிரித்து, ஒவ்வோர் இழையாகப் பூட்டினேன். முறுக்கி முறுக்கி இறுக்கினால்தான் அதில் சுருதி வரும்.

ஐந்து வருடம் கழித்து எங்கள் முறை. ஆமி முன்னேறி வர, வலிகாமமே தென்மராட்சிக்கு ஓடிய அன்று, சனங்கள் நகையையும் தையல் மெசினையும் வளவுக்குள் புதைத்தார்கள். நான் கிற்றாரை உரப்பைக்குள் சுற்றி வாழைக்கடியில் புதைத்தேன். செம்மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டு, பெரிய வேலை பார்த்தவன்போல நடந்தேன். சாவகச்சேரிக்குக் கிட்டப் போன பிறகுதான் நினைவு வந்தது. கம்பியை இளக்கவில்லை. அட விசரா என்று என்னையே ஏசினேன். திரும்பிப் போக வழியில்லை.

ஆறு மாதத்தின் பின் தோண்டி எடுத்தபோது உடல் தப்பியிருந்தது. கழுத்து வில்லாக வளைந்திருந்தது. ஈரம் பாதி, நான் மீதி.

சண்டை முடிந்து நீ திரும்பி வந்தாய். உன் வீட்டில் கூரையில்லை, கதவில்லை, நிலையைக்கூடக் கழற்றியிருந்தார்கள். அதைப் பார்த்துவிட்டு நேரே என்னிடம் வந்து கேட்டாய்: "மச்சான், என்ரை கிற்றார் கிடக்கோ?"

அலுமாரிக்கு மேல்தான் கிடந்தது. "இடம்பெயரேக்கை களவு போயிட்டுதடா" என்றேன், வாய் கூசாமல்.

"சரி விடு, நீ மிஞ்சினாய்தானே" என்று என் தோளில் தட்டினாய். அந்தத் தட்டு இன்னும் வலிக்கிறது. எல்லாம் இழந்து வந்தவனிடம், மிஞ்சியிருந்த ஒன்றையும் நான்தான் கெடுத்தேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. கோழை நான்.

பிறகு நீ தையற்கடை திறந்தாய், உன் மகளைக் கட்டிக்கொடுத்தாய். நானும் வாய் திறக்கவில்லை. போன வருடம் உன் நெஞ்சு பலவீனம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் பதறினேன். கிற்றாரைத் திருத்திக் கொண்டுவந்து உன் மடியில் வைத்துவிட்டு உண்மையைச் சொல்வது என்று முடிவெடுத்துக் கழுத்தை வரவழைத்தேன். பூட்டினேன். கழுத்தின் குறுக்கே பதித்த மெட்டுகளில் ஐந்தாவதில் விரல் வைத்தால் தடித்த கம்பி 'ர்ர்ர்' என்று இரைந்தது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு நுனியிலிருந்து பார்த்தேன். மரம் இலேசாக முறுகியிருந்தது.

கடைக்காரருக்கு எழுதினேன். படம் கேட்டார்கள். அனுப்பினேன். அதில் குறை தெரியவில்லையாம், நேர் பார்க்கிற அடிமட்டம் வைத்து எடுக்கட்டாம். பிறகு வீடியோ கேட்டார்கள். இந்தக் கோதாரிக்கிடையில் ஒருநாள் உன்னைப் பார்க்க வந்தேன். சாய்ந்திருந்தபடி இடது கை விரல்களைப் போர்வையில் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாய். "ஒருக்கால் வாசிச்சுப் பாக்கோணும் போல கிடக்கடா" என்றாய்.

"பொறு, கொஞ்ச நாள்" என்றேன். இரைகிற கிற்றாரை எப்படித் தருவது என்று நினைத்தேன். பழுதில்லாமல் தந்தால்தான் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஒரு மடத்தனம். அடிமட்டத்தை வைத்து ஐந்தாவது படம் எடுத்துக்கொண்டிருந்தபோது உன் மகள் அழைத்தாள். "மாமா, வாப்பா மௌத்தாயிட்டார்."

நீ போய் நாற்பது நாள் கழிந்ததும் கிற்றாரையும், என் சாரத் துணியில் சுற்றிய வளைந்த பழைய கழுத்தையும் உன் வீட்டுக்குக் கொண்டுபோனேன். உன் மகளிடம் ஒன்றையும் மறைக்கவில்லை.

"வாப்பாட்டைச் சொல்லியிருக்கலாம் மாமா. நல்லா ஏசியிருப்பார். பிறகு இரண்டு பேரும் சிரிச்சிருப்பியள்."

சாரத்தை விரித்துப் பழைய கழுத்தை எடுத்தாள். மெட்டுகளுக்கிடையில் நீ அழுத்தி அழுத்தித் தேய்ந்த பள்ளங்களில் விரலை வைத்தாள். "இதுவே எனக்குக் காணும். மற்றது உங்களிட்டையே இருக்கட்டும். முந்தியும் அங்கைதானே கிடந்தது" என்றாள். ரோட்டுக்கு வரும்வரை அடக்கினேன். பிறகு முடியவில்லை.

கடைக்காரருக்குப் பதில் போட்டுவிட்டேன். மாற்று வேண்டாம், இதுவே இருக்கட்டும் என்று. பெட்டியை மூடி வைத்துவிட்டுச் சற்றுமுன் நம் பழைய பாட்டொன்றை வாசித்துப் பார்த்தேன். ஐந்தாவது மெட்டில் இரைந்தது. நீ இருந்திருந்தால் அந்த இரைச்சலுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருப்பாய்.

வாசித்து முடிந்ததும் ஆறு கம்பிகளையும் இளக்கி வைத்திருக்கிறேன், மச்சான். இப்போதெல்லாம் ஒருநாளும் மறப்பதில்லை.