ஞாயிற்றுக்கிழமை போன்

ஸ்ரீரங்கம்,
ஞாயிறு காலை ஏழு மணி.

அன்பு மகள் யமுனாவுக்கு, அப்பா பெரியண்ணன் ஆட்டோவின் பின்சீட்டில் உட்கார்ந்து எழுதுவது.

முதலில் ஒரு திருட்டுத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நலம் விசாரிக்கிறேன். நீ கொடுத்த உங்கள் கம்பெனி போன் எட்டு மாதமாக அரிசி டப்பாவுக்குள் இருக்கிறது. என் சட்டைப் பையில் இருப்பது உங்கள் எதிர்க் கம்பெனி போன். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு நீங்கள் கூப்பிடுவீர்கள் என்று ஒன்பதே முக்காலுக்கு உன் போனை வெளியே எடுத்துத் துடைப்பேன். ஊக்கால் குத்தி, இதிலிருந்து சிம் கார்டைக் கழற்றி, கீழே வைத்தால் தொலைந்துவிடும் என்று உதட்டில் கவ்விக்கொண்டு, அதில் மாட்டுவேன். அப்புறம் நாலு வருஷமாக அந்தப் போனைக் கீழேயே வைக்காதவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு உட்காருவேன். போன மாதம் நீகூடக் கேட்டாய், என்னப்பா முகமெல்லாம் வெள்ளையாத் தெரியுது என்று. பவுடர் என்றேன். இந்த வயசுல யாரு பார்க்கப் பவுடராம் என்று உன் பின்னாலிருந்து உன் அம்மா கேட்டாள். காமிராவில் ஒட்டியிருந்தது அரிசி மாவுத் தூசி.

இப்போது நலம். நானும் ஆட்டோவும் சௌக்கியம். எங்கள் இரண்டு பேரில் ஒருவருக்குக் காலையில் கிளம்பும்போது இருமல் வருகிறது, யார் என்று சொல்ல மாட்டேன். அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும். பாப்பாவுக்குக் காதை மூடிக் குல்லா போடு. உன் அம்மாவை இரண்டு ஸ்வெட்டர் போடச் சொல். ஒன்று போட்டாலே பீரோ மாதிரி இருப்பாள் என்று நான் சொன்னதாகச் சொல்லாதே. பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று நொய்டாவுக்கு ரயில் ஏறினவள், இதோடு பதினாலு மாதம் ஆகிறது. குறையாகச் சொல்லவில்லை. தனியாக இருப்பதில் எத்தனையோ வசதி. குழம்பில் உப்பில்லை என்று நானே சொல்லி, நானே கோபித்துக்கொண்டு, நானே சமாதானமும் ஆகிவிடுகிறேன்.

போன வாரம் நீ சொன்ன விஷயம்தான் என்னை எழுத வைத்தது. நாளைக்கு இல்லை, அதற்கடுத்த திங்கட்கிழமை உங்கள் கம்பெனியில் பெரிய மீட்டிங் என்றாய். போனுக்கு உள்ளே ஓடுகிற அந்த ஓ.எஸ்ஸை நீங்களே செய்துகொண்டிருந்தீர்கள். இனிமேல் அதை விட்டுவிட்டு, எதிர்க் கம்பெனிக்காரன் ஓ.எஸ்ஸை வாங்கிப் போட்டு விற்கலாமா என்று பேசப் போகிறார்கள். வாங்கினால் உன் செக்‌ஷனில் பதினோரு பேருக்கும் வேலை இருக்காது. வாங்காவிட்டால் கம்பெனியே இன்னும் இரண்டு வருஷம் தாங்குமா தெரியாது. நீ எழுந்து நின்று வாங்கக் கூடாது என்று பேசப் போவதாகச் சொன்னாய். பேசிக்கொண்டே வந்தவள், எங்கப்பா ஆட்டோ ஓட்டுறார், அஞ்சாவதுதான் படிச்சிருக்கார், அவரே நாலு வருஷமா நம்ம போன்லதான் எல்லா வேலையும் பார்க்கிறார்னு சொல்லப் போறேம்பா என்றாய். நான் சிரித்துக்கொண்டே, பேஷா சொல்லு என்றேன். போனை வைத்த பிறகு சோறு இறங்கவில்லை. பெரிய பெரிய ஆட்கள் உட்கார்ந்திருக்கிற இடத்தில் என் மகள் என்னால் ஒரு பொய்யைச் சொல்லிவிடக் கூடாது. போனில் சொல்லலாம்தான். நீ கூப்பிட்டதும் பாப்பா முகத்தைக் கொண்டுவந்து கண்ணாடியில் ஒட்டுகிறாள், அவளைப் பார்த்துக்கொண்டு இதைச் சொல்ல வாய் வராது. பக்கத்தில் உன் அம்மா வேறு.

உன் போனை ஏன் விட்டேன் என்று கேட்பாய். அதன் மேல் ஒரு குறையும் இல்லை. அம்மா மண்டபம் ரோட்டில் நம் ஸ்டாண்டில் முன்பு ஒரு சிலேட்டு தொங்கும். சவாரி இறக்கிவிட்டு வந்தவன் கடைசியில் தன் வண்டி நம்பரை எழுத வேண்டும், மேலே இருக்கிற நம்பருக்கு அடுத்த சவாரி. ஒரு மழையில் சிலேட்டு அழிந்து, சட்டை கிழிகிற வரை போயிற்று. அதிலிருந்து முறை எல்லாம் போனில்தான். சவாரி முடிந்ததும் ஸ்டாண்டு குரூப்பில் ஒரு கட்டை விரல் படம் போட வேண்டும். அந்த குரூப் இருக்கிற ஆப் உன் போனில் ஏறாது. நீயே சொல்லியிருக்கிறாய், நம்ம போன் வச்சிருக்கிறவங்க கம்மிப்பா, அதனால அவங்க நமக்குன்னு செஞ்சு தர மாட்டேங்கிறாங்க என்று. அதனால் எனக்கும் சேர்த்து ஹாஜிரா விரல் போடுவாள். ஹாஜிராவை உனக்குத் தெரியாது, நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஸ்டாண்டுக்கு வந்தவள், உறையூரிலிருந்து வருகிறாள். கைநாட்டு வைக்கக்கூட ஆள் வச்சிருக்கிற பெரிய மனுஷன் இந்த ஸ்டாண்டுலயே நீங்க ஒருத்தர்தாண்ணே என்பாள். நானும் சம்பளம் கேட்காதே என்பேன். அப்படியே ஓடியிருக்கும்.

மாசி மாதம் ஒருநாள் காலையில் வந்தால் ஸ்டாண்டில் ஒரு வண்டி இல்லை. எல்லாச் சவாரியும் எனக்கே என்று குஷியாகிவிட்டேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு இரண்டு சவாரி, ஆஸ்பத்திரிக்கு ஒன்று, பாட்டு வேறு பாடிக்கொண்டு ஓட்டினேன். இரண்டு மணிக்கு எல்லோரும் தலை ஈரத்தோடு திரும்பி வந்தார்கள். நவநீதனின் தாயார் இறந்துபோனார்களாம். ராத்திரியே குரூப்பில் போட்டிருக்கிறார்கள். ஹாஜிராவுக்கு அன்று காய்ச்சல், வீட்டிலேயே படுத்துவிட்டாள், எனக்குச் சொல்ல ஆளில்லை. இருபது வருஷமாகப் பக்கத்துப் பக்கத்தில் வண்டி நிறுத்துகிறோம் நவநீதனும் நானும். காரியம் முடிந்து வேலைக்கு வந்தவன் என்னை ஏன் வரவில்லை என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் தேவலை. மறுநாள் மன்னார்புரத்தில் ஒரு கடையில் போய் எதிர்க் கம்பெனி போனை வாங்கிவிட்டேன்.

அதிலிருந்து ஸ்டாண்டில் எனக்கு ஒரு குறையும் இல்லை. காலையில் முப்பது பேர் வணக்கம் போடுகிறார்கள், நானும் ரோஜாப் பூ போடுகிறேன். ஆனால் ஒன்று நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கம்பெனி வீடியோ உங்கள் போனில் மட்டும்தான் வரும், அதனால் வார நாளில் நீங்கள் வீடியோவில் கூப்பிடுவது டப்பாவுக்குள் இருக்கிற போனுக்குத்தான் போகும். அதில் சிம் கிடையாது, உயிரும் கிடையாது. ஏம்ப்பா எடுக்கலை என்று நீ சாதா கால் போட்டுக் கேட்கும்போதெல்லாம் சவாரி என்றேன். இந்த எட்டு மாதத்தில் நான் சொன்ன சவாரியெல்லாம் நிஜமாக ஓடியிருந்தால் காசிக்கே போய்த் திரும்பியிருப்பேன். பாப்பா ஒரு புதன்கிழமை முதல் அடி வைத்தாள். நீ உடனே படம் பிடித்து அனுப்பினாய். நான் அதைப் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை. அதற்குள் அவள் நடந்து பழகிவிட்டாள். நீ பார்த்தீங்களாப்பா என்று கேட்டபோது, அன்றைக்கே பார்த்துவிட்டேன், ஸ்டாண்டு பூராவும் காட்டினேன் என்றேன். யாருக்கும் காட்டவில்லை. இப்போதும் அந்தப் படத்தை ஞாயிற்றுக்கிழமைதான் பார்க்க முடியும்.

உன் போன் நல்ல போன், யமுனா. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் என்று தெரிந்து, அது அவசரப்படாமல் நிற்கும். சார்ஜ் குறைந்தால், கொஞ்சம் சொருகுங்க, அணைஞ்சிடுவேன் என்று கேட்கும். எதையாவது அழிக்கப் போனால், நிஜமாவே வேணாமா என்று கேட்கும். அந்தத் தமிழ் அத்தனையும் உட்கார்ந்து எழுதினது நீதான் என்று எனக்குத் தெரியும். சின்ன வயதில் நான் பீடியை அணைத்துத் தூக்கிப் போட்டால் நீ அப்படித்தான் கேட்பாய். அவன் போன் தமிழ் பேசினாலும் தாலுகா ஆபீஸில் நிற்கிற மாதிரி இருக்கிறது. எதைக் கேட்டாலும் உறுதிசெய் என்கிறது. யாரை உறுதி செய்வது, எனக்கே என் மேல் உறுதி இல்லை.

அதனால் மீட்டிங்கில் என்ன பேசுவது என்று நீயே தீர்மானம் செய். ஆட்டோக்காரனுக்குத் தெரிந்தது ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ மூன்றாவது படிக்கும்போது நம் பழைய வண்டியின் இன்ஜின் சிக்கிக்கொண்டு, உறையூர் மெக்கானிக் வேறு கம்பெனி இன்ஜினை மாட்டினான். ஆர்.சி. புக்கில் அதைப் பதிய நான் ஆறு தடவை அலைந்தேன். பாடி ஒரு ஜாதி, இன்ஜின் ஒரு ஜாதி, கலப்புக் கல்யாணம் என்று ஸ்டாண்டில் ஓட்டினார்கள். அதற்குப் பிறகு எந்த சாமான் போனாலும் அந்த இன்ஜின்காரன் கடை வாசலில்தான் நிற்க வேண்டும், அவன் இன்றைக்கு வா என்றால் இன்றைக்கு, நாளைக்கு வா என்றால் நாளைக்கு. அந்தக் கஷ்டம் உங்களுக்கும் வரும். ஆனாலும் வண்டி ஏழு வருஷம் ஓடியது. முன்பெல்லாம் தெருமுனையில் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடி வருவாய். இன்ஜின் மாறியதும் சத்தம் மாறிவிட்டது, ஒரு வாரம் நீ வரவில்லை. எட்டாவது நாள் வந்தாய். சத்தத்தைப் பழகிக்கொண்டாய், வண்டியில் வந்தது நான்தானே.

இன்ஜின் அவனுடையதாக இருந்தாலும் ஹாரனை நமக்குப் பிடித்ததாக மாட்டிக்கொள்ளலாம். உன் வார்த்தைகளை மட்டும் அவன் ஓ.எஸ். மேல் வைக்க முடியுமா என்று கேட்டுப் பார். முடியாது என்றால் என்னைத் திட்டு. எங்கப்பாவுக்கு எங்க போன்தான் பிடிக்கும், ஆனா அதுல அவர் கூடப் பேச ஆளில்லாம அரிசி டப்பாவுல வச்சுட்டார் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. அது உண்மை. அந்த ஆட்கள் சிரித்தால் நீயும் சிரி.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வேலை போனால் திருச்சிக்கே வந்துவிடுவோம், மாப்பிள்ளை எங்கிருந்தாலும் வேலை பார்க்கலாம் என்று போன ஞாயிறு நீ ஒரு பேச்சுக்குச் சொன்னாய். செவ்வாய்க்கிழமை ராஜகோபுரத்துக்கு முன்னால் சவாரியை இறக்கிவிட்டு, வழக்கம்போல் கும்பிடக் கையெடுத்தேன். என்ன கேட்கப் போகிறேன் என்று எனக்கே தெரிந்தது. கையை இறக்கிவிட்டு வண்டியை எடுத்துவிட்டேன். ஒன்றும் கேட்கவில்லை, பயப்படாதே. ஆனால் நான் இப்படிப்பட்ட ஆள் என்பதால் என் இன்ஜின் கதையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துகொண்டு கேள்.

எழுதி எழுதிக் கை வலிக்கிறது. உனக்குத் தாலி கட்டியபோது கையெழுத்துப் போட்டதற்குப் பிறகு இவ்வளவு எழுதினது இப்போதுதான். அந்தத் திங்கட்கிழமை காலையில் காலி வயிற்றோடு போகாதே. உனக்கு நல்லதாகப் படுவதை நிமிர்ந்து நின்று சொல். அதன் பிறகு எந்தப் பக்கம் ஆனாலும் ரங்கன் உங்களைக் கைவிட மாட்டான். பாப்பா நடக்கும்போது விரலைப் பிடிக்காதே, பின்னாலேயே போனால் போதும். முன்ரூம் ஃபேனுக்குச் சத்தம் இருந்தது, சரி செய்துவிட்டேன். தண்ணீரும் இப்போது இரண்டு வேளை வருகிறது. சும்மா சொல்கிறேன்.

இப்படிக்கு,
பொய் சொன்ன,
அன்பு அப்பா,
பெரியண்ணன்.

கவரை ஒட்டுவதற்கு முன் ஒரு தகவல். இன்று எழுதுகிற வேலை இருந்ததால் உன் போனை ஸ்டாண்டுக்கே கொண்டுவந்திருந்தேன். ஒன்பதே முக்காலுக்கு சிம்மைக் கழற்றி உதட்டில் கவ்விக்கொண்டிருந்தபோது ஹாஜிரா வந்து, என்னண்ணே, ஸ்டாம்பை நக்குறீங்களா, லெட்டரு யாருக்கு, அண்ணிக்குத் தெரியுமா என்றாள். சிரித்தேன். சிம் உள்ளே போய்விட்டது. மோர் குடித்தேன், வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. அதே நம்பருக்கு வேறு சிம் செவ்வாய்க்கிழமை தருவார்கள். பத்து மணிக்கு ஹாஜிரா போனிலிருந்து உன் அம்மாவிடம் பேசி, சிக்னல் சரியில்லை என்று சொன்னேன். அதுவும் பொய், இதிலேயே சேர்த்துக்கொள். இப்போது இரண்டு போனும் சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. வயிற்றுக்குள் மணி அடிக்கிறதா பார்ப்போம் என்று ஹாஜிரா என் நம்பரைக் கூப்பிட்டு எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தாள். நான் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறேனாம். தமிழில் ஒரு தடவையும் இங்கிலீஷில் ஒரு தடவையும் சொன்னார்கள்.