இறுகாத ரத்தக்குழாய்

அன்புள்ள பாப்பாவுக்கு,

இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒண்ணுமில்லாம இருக்கோம். நீ சௌக்கியமான்னு கேக்க வாய் வரலை, கேக்காம இருக்கவும் முடியலை. ஃபோனை எடுக்கமாட்டேங்குற, அதான் எழுதுறேன். ஏழு மாசம் சுமந்த பிள்ளை வயித்துலயே போனதுக்கு, அன்னைக்கு பஸ்ஸைப் பிடிக்க ஓடினதுதான் காரணம்னு நீயே முடிவு கட்டிட்டு, யார் சொன்னாலும் கேக்காம சுருண்டு படுத்துக் கிடக்கிறதா மாப்பிள்ளை சொன்னார். இனிமே அந்தப் பேச்சே வேண்டாம், அதைக் குழந்தைன்னே சொல்லாதேன்னு உன் மாமியார் சொன்னாங்களாம். நல்லதுக்குத்தான் சொல்லியிருப்பாங்க, ஆனா எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. அப்பா தட்டு முன்னாடி உக்காந்துட்டு அப்படியே கையைக் கழுவிட்டு எழுந்துடறார்.

என் ஆய்வுக்கூட வேலையைத்தான் நீ கேலி பண்ணுவியே, ஆட்டுக் குடலுக்கு மோதிரம் போடுறவள்னு. குடல் இல்லைடி, ரத்தக்குழாய். சினையாட்டோட கால்லருந்து ஒண்ணு, கருப்பையிலருந்து ஒண்ணு, மோதிரம் மாதிரி நறுக்கி, வெதுவெதுப்பான உப்புத் தண்ணிக்குள்ள கம்பியில மாட்டி, இறுக வைக்கிற மருந்தை ரெண்டுலயும் ஒரே அளவு விடுவோம். போன வாரம் கண்ணெல்லாம் தண்ணி, ரெண்டையும் இடம் மாத்தி மாட்டிட்டேன். எவ்வளவு இறுகுதுன்னு மெஷின் வரையுற கோடெல்லாம் தலைகீழா வந்ததும் எங்க புரொபசர் எழுந்து வந்தார். கால் குழாய் நல்லா இறுகும், கருப்பைக் குழாய் லேசா அசைஞ்சுட்டு நின்னுடும், அதுதான் வழக்கம், இத்தனை வருஷம் மாட்டின எனக்குத் தெரியாதா. திட்டுவார்னு பாத்தேன். உன் விஷயத்தைச் சொன்னதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். ஓடினா, பதறினா பிள்ளைக்கு ரத்தம் நின்னுடுமான்னு கேட்டேன். ஆட்டைப் பாத்துட்டு உங்க பொண்ணுக்கு நான் சத்தியம் பண்ண முடியாதும்மா, ஆனா ஓடுறப்போ, பதறுறப்போ குழாயை இறுகச் சொல்லி உத்தரவு வந்தாலும் சுமக்கிற உடம்பு மத்த இடத்தை இறுக்கிட்டு, பிள்ளைக்குப் போற வழியை முடிஞ்ச மட்டும் திறந்தே வைக்கப் பாக்கும்னார். உன்னைப் பாத்த டாக்டரும் ஓடினதால இல்லைன்னுதானே சொன்னாங்க. உன் உடம்பு அதைக் கைவிடலைடி. நீ தூங்கும்போதும் ஓடும்போதும் அதுக்கு ஊட்டிக்கிட்டேதான் இருந்திருக்கு. அப்படியும் போச்சு. ஏன்னு தெரியலை, எனக்கு நெஞ்சே வெடிக்குது.

நேரத்துக்கு ரெண்டு வாயாவது சாப்பிடு. பால் கட்டிக்கிட்டா மறைக்காம டாக்டர்கிட்ட சொல்லு. மாப்பிள்ளை அழுதா அழட்டும், தடுக்காதே. ஞாயித்துக்கிழமை கூப்பிடுறேன், எடு. பேச வேண்டாம், காதுல மட்டும் வச்சுக்கோ, நானும் சும்மா இருக்கேன். நீ நல்லா இருக்கணும் கண்ணு.

இப்படிக்கு,
உன் அம்மா,
உன் குழந்தையோட பாட்டி.