குல்லாவுக்குள் வளராத முடி

சித்திரை, ஞாயிறு இரவு

கள்ளக்குறிச்சிப் புழுக்கத்தில் ஒரு மாதமாகக் குரங்குக் குல்லா மாட்டிக்கொண்டு தூங்கியிருக்கிறேன். முடி ஒன்றுகூட முளைக்கவில்லை. மண்டை முழுக்க வேனல் கட்டிதான்.

யோசனை சொன்னவன் என்னோடு உரக்கடையில் வேலை செய்யும் கோவிந்தன், கரியாலூர்க்காரன். "ராத்திரில தல சூடா இருந்தா முடி தன்னால வரும்ணா. எங்க மலைல எல்லாரும் துண்டு கட்டிக்கினுதான் தூங்குவாங்க. ஒரு வழுக்கைய காட்டு பாப்போம்!" என்றான். நம்பித் தொலைத்தேன்.

இன்று அவன் ஊர்த் திருவிழாவுக்குப் போனேன். பூசாரி சூடம் காட்டியதும் பெரியவர்கள் எல்லாரும் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார்கள். வரிசையாக வழுக்கை. அவன் அப்பா மண்டையில் சூடத்தின் வெளிச்சம் பளபளத்தது.

"இன்னாடா இது?" என்று அவன் சட்டையைப் பிடித்தேன்.

"அவுங்கல்லாம் லேட்டா கட்ட ஆரம்பிச்சாங்கண்ணா" என்கிறான், கூசாமல். படுபாவி.

வெள்ளிக்கிழமை சின்னசேலத்துக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். வீட்டுக்கு வந்ததும் குல்லாவைக் குப்பையில் வீசிவிட்டுப் படுத்தேன். எனக்கு முப்பதுதானே, லேட் இல்லையே என்று தோன்றியது. எழுந்து போய் அதை எடுத்து, உதறி, மாட்டிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவன் நாசமாய்ப் போக.